பெரிய கம்பெனிகள் ஏஐ-க்காகக் கைகோத்தால் நம் ஆட்கள் ஏன் நம்புவதில்லை?

கொருக்குப்பேட்டையைச் சேர்ந்த ஒரு பிசிஏ மாணவர் கேட்டிருப்பதன் சுருக்கம்: "கூகுள், மைக்ரோசாஃப்ட், அமேசான் எல்லாம் சேர்ந்து, செயற்கை நுண்ணறிவு (ஏஐ) மக்களுக்கு நன்மை செய்ய வேண்டும் என்று கூட்டமைப்பு வைத்திருக்கின்றன. ஒன்றில் ஒன்று முதலீடு செய்கின்றன. சிம் கார்டோடு ஏஐ இலவசமாகவும் வருகிறது. ஆனால் எங்கள் வீட்டில் அப்பாவிலிருந்து தெருவில் இருக்கும் அண்ணன்கள் வரை யாரும் நம்ப மாட்டேன் என்கிறார்கள். 'பெரிய கம்பெனிங்க ஒண்ணு சேந்தா நமக்கு என்னடா நல்லது நடக்கும்' என்கிறார்கள். இது விஷயம் தெரியாத பயமா, நியாயமான சந்தேகமா?"

தம்பி, உங்கள் அப்பாவின் சந்தேகம் நியாயமானது. அதை அறியாமை என்று ஒதுக்காதீர்கள். அமெரிக்காவில் பியூ ஆய்வு மையம் 2025-இல் வெளியிட்ட கருத்துக் கணிப்பில், அடுத்த 20 ஆண்டுகளில் ஏஐ நாட்டுக்கு நல்லது செய்யும் என்று துறை வல்லுநர்களில் 56 சதவீதம் பேர் சொன்னார்கள். பொதுமக்களில் அப்படிச் சொன்னவர்கள் 17 சதவீதம்தான். இதைப் பார்த்துவிட்டு, மக்களுக்கு விளங்கவில்லை, விளக்கிச் சொன்னால் சரியாகிவிடும் என்று துறைக்காரர்கள் பலர் பேசுகிறார்கள். எனக்கு அதில் உடன்பாடு இல்லை. ஒரு பொருளைக் கையில் வைத்திருப்பவன் தப்பு செய்தால் அவனை யார் தட்டிக் கேட்பார்கள் என்பதுதான் மக்களின் கேள்வி. அதற்கு வல்லுநர்களிடமும் இன்னும் தெளிவான பதில் இல்லை.

நான் அம்பத்தூர் பக்கம் டேட்டா சென்டர்களில் (சர்வர் கணினிகள் வரிசையாக ஓடும் கட்டடங்கள்) பல வருடம் வேலை பார்த்தவன். வீடு தண்டையார்பேட்டை. இந்தத் தொழிலையும் தெரியும், நம் ஏரியாவையும் தெரியும். அதனால் கொஞ்சம் நீளமாகவே எழுதுகிறேன்.

கூட்டணி என்று நீங்கள் ஒரே பெயரில் சொன்னவை வேறு வேறு. நெறிமுறை பேசக் கூடும் சங்கம் ஒன்று. ஒரு கம்பெனி இன்னொன்றில் பணம் போடுவது வேறு. சிம் கார்டோடு சேர்த்துக் கொடுப்பது இன்னும் வேறு. மூன்றிலும் சந்தேகப்பட வேண்டிய இடம் ஒன்றாக இருக்காது.

சங்கத்திலிருந்து ஆரம்பிக்கிறேன். 2016 செப்டம்பரில் அமேசான், கூகுளும் அதன் ஏஐ ஆய்வுக் கம்பெனியான டீப்மைண்டும், ஃபேஸ்புக், ஐபிஎம், மைக்ரோசாஃப்ட் ஆகியவை சேர்ந்து 'பார்ட்னர்ஷிப் ஆன் ஏஐ' என்ற அமைப்பைத் தொடங்கின. 2017 ஜனவரியில் ஆப்பிளும் சேர்ந்தது. நிர்வாகக் குழுவில் கம்பெனி ஆட்கள் பாதி, வெளி ஆட்கள் பாதி என்று வைத்தார்கள். அந்த வெளி ஆட்களில் ஒருவர், ஐஐடி மெட்ராஸில் படித்து அமெரிக்காவில் பேராசிரியராக இருக்கும் சுப்பாராவ் கம்பம்பாட்டி. குடிமை உரிமைகளுக்காக வழக்காடும் ஏசிஎல்யு அமைப்பிலிருந்தும் ஒருவர் இருந்தார். அரசிடம் போய்த் தங்களுக்குச் சாதகமாக ஆதரவு திரட்டும் எண்ணம் இல்லை என்றும் தொடக்கத்திலேயே அறிவித்தார்கள். பணமும் ஆய்வு வளங்களும் அந்தக் கம்பெனிகள் கொடுத்தவை.

அந்த அமைப்பு ஒன்றுமே செய்யவில்லை என்று சொன்னால் அது பொய். கைதானவரை விசாரணை வரை வெளியே விடலாமா, உள்ளே வைக்கலாமா என்று மதிப்பெண் போடும் மென்பொருள்கள் அமெரிக்க கோர்ட்டுகளில் புழக்கத்தில் இருந்தன. ஒருவரைச் சிறையில் வைக்கும் முடிவை அவற்றிடம் விடக்கூடாது என்று 2019-இல் இவர்கள் வெளிப்படையாக அறிக்கை எழுதினார்கள். ஏஐ செய்த தவறுகளையும் அதனால் வந்த கேடுகளையும் தொகுத்து வைக்கும் 'ஏஐ இன்சிடென்ட் டேட்டாபேஸ்' 2020-இல் அங்கிருந்துதான் வெளிவந்தது. இன்றைக்கும் எனக்கு அது பயன்படுகிறது.

பிறகு ஏன் சந்தேகம்? 2020 அக்டோபரில் ஆக்சஸ் நவ் என்ற டிஜிட்டல் உரிமை அமைப்பு அதிலிருந்து விலகியது. உறுப்பினர்களாக இருக்கும் கம்பெனிகளின் போக்கை இந்தக் கூட்டமைப்பு மாற்றியதாகத் தங்களுக்குத் தெரியவில்லை என்று எழுதிவிட்டுப் போனார்கள். என்னைக் கேட்டால் மொத்த விஷயமும் இதில் இருக்கிறது. உள்ளே இருந்தவர்கள் கெட்டவர்கள் என்று அவர்கள் சொல்லவில்லை. அங்கே அறிக்கை எழுதலாம், வழிமுறை வகுக்கலாம், ஆலோசனை சொல்லலாம். 'இதை வெளியிடாதே, நிறுத்து' என்று ஒரு கம்பெனியிடம் சொல்லும் அதிகாரம் மட்டும் அந்தக் கூட்டத்துக்குக் கிடையாது.

இந்த மாதிரி ஏற்பாட்டை நம் பக்கம் நூறு வருடத்துக்கு முன்பே பார்த்துவிட்டது. பெரம்பூரில் பின்னி கம்பெனி நடத்திய பக்கிங்ஹாம், கர்நாடிக் மில்களைப் பற்றி உங்கள் தாத்தா காலத்து ஆட்களைக் கேட்டுப் பாருங்கள். பி அண்ட் சி மில் என்றால் ஓட்டேரியில் எல்லோருக்கும் தெரியும். 1918 ஏப்ரல் 27 அன்று அந்த மில் தொழிலாளர்களை வைத்து மெட்ராஸ் லேபர் யூனியன் தொடங்கியது. பி.பி.வாடியா, திரு.வி.க., செல்வபதி செட்டியார், ராமாநுஜுலு நாயுடு ஆகியோர் முன்னின்றார்கள். இந்தியாவில் முறையாக அமைந்த முதல் தொழிற்சங்கம் என்று வரலாற்றில் அதற்கு இடம் உண்டு.

நிர்வாகம் அதை எப்படி எதிர்கொண்டது? வாடியா மீது உயர் நீதிமன்றத்தில் வழக்குப் போட்டுத் தடை உத்தரவு வாங்கியது. 1921-இல் மாதக்கணக்கில் வேலைநிறுத்தம் நடந்தது. புளியந்தோப்பில் கலவரமும் துப்பாக்கிச் சூடும் நடந்தன. தொழிலாளர்கள் சாதியால் பிளவுபட்டார்கள், சங்கம் தளர்ந்துபோனது. அதன் பிறகு 1920-களின் தொடக்கத்தில் நிர்வாகமே முன்வந்து தொழிலாளர் பிரதிநிதிகளை வைத்து ஒரு குழு அமைத்தது. குறைகளை அங்கே பேசலாம். பள்ளிக்கூடம், வைத்தியம் என்று நலப்பணிகளும் அந்த மில்லில் நன்றாகவே நடந்தன, அதை யாரும் மறுக்க முடியாது. ஆனால் கூலி என்ன, யாரை வேலையிலிருந்து எடுப்பது என்பதில் கடைசி வார்த்தை நிர்வாகத்துடையது. 1926-இல் தொழிற்சங்கச் சட்டம் வந்து, சங்கம் நடத்தியதற்காக வாடியாவைப் போல யாரையும் கோர்ட்டுக்கு இழுக்க முடியாது என்று ஆன பிறகுதான் தொழிலாளிக்கு நிற்க ஓர் இடம் கிடைத்தது. அந்தச் சட்டம் வந்ததற்கே வாடியா மீது போட்ட வழக்கு ஒரு முக்கியக் காரணம்.

நிர்வாகம் வைத்த கமிட்டிக்கும் வெளியே நின்ற சங்கத்துக்கும் என்ன வித்தியாசம் என்று பெரம்பூர், புளியந்தோப்புக் குடும்பங்களுக்கு யாரும் பாடம் நடத்த வேண்டியதில்லை. உங்கள் அப்பா ஏஐ கூட்டமைப்பைப் பற்றி ஒரு வரிகூடப் படித்திருக்காமல் இருக்கலாம். அவருடைய கேள்வி அந்த அனுபவத்திலிருந்து வருகிறது.

தானாகக் கொடுக்கும் வாக்குறுதி எவ்வளவு நாள் நிற்கும் என்றும் பார்த்துவிட்டோம். ராணுவ டிரோன் எடுக்கும் படங்களை அலசும் 'மேவன்' திட்டத்தை எதிர்த்து 2018-இல் கூகுள் ஊழியர்களே கிளம்பினார்கள். அதற்குப் பிறகு, ஆயுதங்களுக்கு ஏஐ செய்ய மாட்டோம் என்று கூகுள் கொள்கை வெளியிட்டது. 2025 பிப்ரவரியில் அந்த உறுதிமொழி கொள்கையிலிருந்து நீக்கப்பட்டது. 2019-இல் அதே கம்பெனி அறிவித்த வெளி ஆலோசனைக் குழு பத்து நாள்கூட நிற்கவில்லை. 2023 ஜூலையில் ஏழு ஏஐ கம்பெனிகள் வெள்ளை மாளிகையில் பாதுகாப்பு வாக்குறுதிகள் கொடுத்தன. அதே மாதம் கிளாட் என்ற ஏஐ-யைச் செய்யும் ஆந்த்ரோபிக், கூகுள், மைக்ரோசாஃப்ட், சாட்ஜிபிடியைச் செய்யும் ஓபன்ஏஐ நான்கும் சேர்ந்து 'ஃபிரான்டியர் மாடல் ஃபோரம்' என்று இன்னொரு அமைப்பைத் தொடங்கின. அந்த ஆண்டு அக்டோபரில் அதிபர் பைடன் ஏஐ பாதுகாப்புக்காக ஒரு நிர்வாக உத்தரவு போட்டார். டிரம்ப் பதவியேற்ற 2025 ஜனவரி 20 அன்றே அது ரத்தானது.

ஓபன்ஏஐ விஷயத்தைத் தனியாகப் பார்க்க வேண்டும். 2015 டிசம்பரில் அது லாப நோக்கம் இல்லாத அமைப்பாகத் தொடங்கியது. மனித குலத்தின் நன்மைதான் முதல் கடமை, பணம் போட்டவர்களின் லாபம் அதற்குப் பின்புதான் என்று எழுதி வைத்திருந்தார்கள். தலைமை நிர்வாகியை நீக்கும் அதிகாரம் இயக்குநர் குழுவிடம் இருந்தது. 2023 நவம்பர் 17 அன்று அந்தக் குழு தலைமை நிர்வாகி சாம் ஆல்ட்மனை நீக்கியது. நீக்கியது சரியா தவறா என்ற விவாதத்துக்குள் நான் போகவில்லை. அடுத்து நடந்ததைப் பாருங்கள். அவரை வேலைக்கு எடுத்துக்கொள்வதாக மைக்ரோசாஃப்ட் அறிவித்தது. 700-க்கும் மேற்பட்ட ஊழியர்கள் நாங்களும் போகிறோம் என்று கையெழுத்துப் போட்டார்கள். ஐந்து நாளில் அவர் திரும்பி வந்தார். நீக்கியவர்களில் பெரும்பாலோர் குழுவை விட்டுப் போனார்கள். 2025 அக்டோபரில் கம்பெனியின் அமைப்பே மாறியது. அப்போது மைக்ரோசாஃப்டின் பங்கு சுமார் 27 சதவீதம், லாப நோக்கமற்ற அறக்கட்டளையின் பங்கு சுமார் 26 என்று ஆனது.

வேண்டாம் என்று சொல்லும் அதிகாரம் காகிதத்தில் இருந்தது. அதை ஒரே ஒரு தடவை பயன்படுத்திப் பார்த்தார்கள். பணமும் கணினி வசதியும் எந்தப் பக்கம் இருந்ததோ அந்தப் பக்கம்தான் கடைசியில் அதிகாரமும் நின்றது.

இனி பணத்துக்கு வருகிறேன். செய்திகளில் இதைத்தான் மேலோட்டமாகச் சொல்கிறார்கள். மைக்ரோசாஃப்ட் 2019-இல் ஓபன்ஏஐ-யில் 100 கோடி டாலர் போட்டது, 2023-இல் இன்னும் பெரிய தொகை போட்டது. அமேசான் 2023, 2024 இரண்டு ஆண்டுகளிலும் சேர்த்து ஆந்த்ரோபிக்கில் 800 கோடி டாலர் போடுவதாக அறிவித்தது. கூகுளும் அதில் பணம் போட்டிருக்கிறது. இதை வெறும் பங்கு வாங்கும் விஷயம் என்று நினைக்காதீர்கள். பெரிய மாடலைப் பயிற்றுவிக்க ஆயிரக்கணக்கில் சிப்புகள் ஓட வேண்டும். அவை யாரிடம் இருக்கின்றன? பணம் போட்ட அதே கம்பெனிகளின் டேட்டா சென்டர்களில்தான். கொடுத்த பணத்தில் பெரும்பங்கு அவர்களுடைய கிளவுடுக்கு (இணையம் வழியாக வாடகைக்கு விடும் கணினி வசதி) வாடகையாகத் திரும்பிப் போகிறது.

காசிமேட்டில் உங்கள் சொந்தக்காரர்கள் யாராவது இருந்தால் இது உடனே விளங்கும். விசைப்படகு வாங்கவோ வலைக்கோ டீசலுக்கோ வியாபாரியிடம் முன்பணம் வாங்கினால், கரைக்கு வரும் மீனை அவரிடமே போட வேண்டும். விலையிலும் அவர் கை ஓங்கி இருக்கும். கடன் முழுக்க அடையும் வரை வேறு ஆளிடம் போக முடியாது. படகு உங்கள் பேரில் இருக்கும், ஆனால் மீனை எங்கே போடுவது என்ற முடிவு உங்களுடையதாக இருக்காது.

என் ஊகத்தைச் சொல்லவில்லை. அமெரிக்காவில் வணிகப் போட்டியைக் கண்காணிக்கும் ஃபெடரல் டிரேட் கமிஷன் 2024 ஜனவரியில் ஆல்ஃபபெட் (கூகுளின் தாய்க் கம்பெனி), அமேசான், மைக்ரோசாஃப்ட், ஓபன்ஏஐ, ஆந்த்ரோபிக் ஆகிய ஐந்து கம்பெனிகளிடமும் ஒப்பந்த விவரங்களைக் கட்டாயமாகக் கேட்டு வாங்கியது. 2025 ஜனவரியில் அறிக்கை வந்தது. முதலீட்டின் பெரும்பகுதியை முதலீட்டாளரின் கிளவுடிலேயே செலவழிக்கும் நிபந்தனைகள், வேறு இடத்துக்கு மாறினால் ஏறும் செலவு, மற்றவர்களுக்குக் கிடைக்காத தொழில் தகவல்கள் பெரிய கம்பெனிகளுக்குக் கிடைப்பது என்று எல்லாம் அதில் இருக்கிறது. புதிதாக ஒருவர் இந்தத் தொழிலுக்குள் வருவதை இவை கடினமாக்கலாம் என்றும் சொன்னார்கள். பிரிட்டனின் போட்டி ஆணையமும் மைக்ரோசாஃப்ட், ஓபன்ஏஐ உறவை நீண்ட நாள் பரிசீலித்தது. தங்கள் இணைப்புச் சட்டத்தின் கீழ் விசாரிக்கும் அளவுக்கு அது வரவில்லை என்று 2025 மார்ச்சில் முடித்துவிட்டது. ஒரு கம்பெனி இன்னொன்றை முழுக்க வாங்கினால் தடுக்கச் சட்டம் இருக்கிறது. வாங்காமலே கட்டி வைத்துக்கொள்ளும் இந்த முறையை என்ன செய்வது என்று பல நாட்டுச் சட்டங்களுக்கு இன்னும் பிடிபடவில்லை.

இன்னொரு பக்கம் கரண்ட். நான் வேலை பார்த்த இடம் என்பதால் இதைச் சொல்லாமல் விட மனம் இல்லை. 2025 செப்டம்பரில் சிப்பு செய்யும் என்விடியாவும் ஓபன்ஏஐ-யும் அறிவித்த திட்டத்தில், குறைந்தது 10 ஜிகாவாட் (10,000 மெகாவாட்) அளவுக்கு டேட்டா சென்டர் வசதி என்று சொன்னார்கள். அத்திப்பட்டில் நிற்கும் வடசென்னை அனல் மின் நிலையத்தின் மூன்று நிலைகளையும் கூட்டினால் 2,630 மெகாவாட். அதைப் போலக் கிட்டத்தட்ட நான்கு வேண்டும், ஒரே ஒரு திட்டத்துக்கு. உலகம் முழுக்க டேட்டா சென்டர்கள் 2024-இல் 415 டெராவாட் மணி மின்சாரம் எடுத்தன என்றும், 2030-இல் அது 945-ஐத் தொடலாம் என்றும் சர்வதேச எரிசக்தி முகமை கணித்திருக்கிறது. 415 என்பது உலக மின்சாரத்தில் ஒன்றரை சதவீதம்தான், பயமுறுத்தும் அளவு இல்லை என்று சிலர் சொல்வார்கள். உலகக் கணக்கில் அது சரி. ஆனால் மின்சாரத்துக்கு எரிக்கும் நிலக்கரியின் சாம்பல் உலகம் முழுக்கப் பரவி விழுவதில்லை. கொசஸ்தலை ஆற்றில் அது எங்கே படிந்திருக்கிறது என்று காட்டுக்குப்பத்து மீனவர்களைக் கேளுங்கள்.

கண்காணிப்பு என்றால் என்ன என்பதும் எண்ணூர், மணலிக்காரர்களுக்குத் தெரிந்த பாடம். 2009-இல் மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் மணலியை மிகக் கடுமையாக மாசுபட்ட தொழிற்பகுதிகளின் பட்டியலில் வைத்தது. இன்று பெரிய ஆலைகளின் புகைபோக்கிகளில் மீட்டர் இருக்கிறது, அளவு நேராக வாரியத்துக்குப் போகிறது. அப்படியும் 2023 டிசம்பர் 26 இரவு, பெரியகுப்பம் பக்கம் கடலுக்கு அடியில் போகும் குழாயிலிருந்து அம்மோனியா கசிந்து, மூச்சுத் திணறிப் பலர் மருத்துவமனைக்குப் போனார்கள். அதே மாதம், மிக்ஜாம் புயல் வெள்ளத்தோடு எண்ணெய் வந்து கழிமுகத்தில் பரவியது. மீனவர்கள் கையால் அள்ளிச் சுத்தம் செய்தார்கள். மீட்டர் தேவைதான். ஆனால் அதைக் கம்பெனிக்கு வெளியே இருக்கும் ஒருவர் படிக்க வேண்டும், எல்லை தாண்டினால் வாயிலை மூடும் தைரியமும் அதிகாரமும் அவருக்கு இருக்க வேண்டும். ஏஐ கூட்டமைப்புகளில் இன்றைக்கு மீட்டரைப் பொருத்துபவரும் படிப்பவரும் ஒரே ஆள்.

இலவச விஷயத்தைக் கேட்டிருந்தீர்கள். 2025 ஜூலையில் ஏர்டெல் தன் 36 கோடி வாடிக்கையாளர்களுக்கும் பெர்ப்ளெக்சிட்டி புரோ என்ற ஏஐ தேடல் சேவையை ஒரு வருடம் இலவசமாகக் கொடுப்பதாக அறிவித்தது. அக்டோபர் கடைசியில் ஜியோ, கூகுளின் ஏஐ சேவையான ஜெமினி புரோவை 18 மாதம் கொடுத்தது. 18 முதல் 25 வயது வரை உள்ளவர்களிடம் ஆரம்பித்தார்கள், அதாவது உங்கள் வயதுக்காரர்களிடம். நவம்பரில் ஓபன்ஏஐ-யும் 'சாட்ஜிபிடி கோ' சேவையை இந்தியர்களுக்கு ஒரு வருடம் இலவசமாக்கியது. பயன்படுத்துங்கள், தப்பே இல்லை. வியாசர்பாடியில் ஒரு பிள்ளை டியூஷனுக்குப் பணம் இல்லாமல் கணக்குப் பாடத்தை அதனிடம் கேட்டுப் படிக்கிறது என்றால் எனக்கு மகிழ்ச்சிதான். ஆனால் இது தர்மம் கிடையாது. கோடிக்கணக்கான பேர் எப்படிப் பேசுகிறார்கள், என்ன கேட்கிறார்கள் என்பதும், இலவச காலம் முடியும்போது விட முடியாத பழக்கமும்தான் இதில் அவர்களுக்குக் கிடைப்பது. செட்டிங்ஸில் போய், உங்கள் உரையாடலைப் பயிற்சிக்கு எடுத்துக்கொள்ளும் அனுமதியை நிறுத்தி வையுங்கள். ஆதார், பேங்க் பாஸ்புக், ஸ்கேன் ரிப்போர்ட் எதையும் அதில் போடாதீர்கள்.

சந்தேகப்பட்டு என்ன ஆகப்போகிறது என்று கேட்பவர்களுக்கு இந்தியாவிலேயே பதில் இருக்கிறது. 2015-இல் ஃபேஸ்புக் ரிலையன்ஸ் கம்யூனிகேஷன்ஸோடு சேர்ந்து, ஏழைகளுக்கு இலவச இணையம் என்று ஒரு சேவையைக் கொண்டுவந்தது. பின்னால் அதற்கு ஃப்ரீ பேசிக்ஸ் என்று பெயர். குறிப்பிட்ட தளங்கள் மட்டும் இலவசம், எவை என்பதைக் கம்பெனி வகுத்த விதிகள் தீர்மானிக்கும். ஏழைக்குக் கிடைப்பதை ஏன் கெடுக்கிறீர்கள் என்று கேட்டவர்கள் நிறைய. ஆனால் லட்சக்கணக்கானவர்கள் தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான டிராய்க்கு மின்னஞ்சல் அனுப்பினார்கள். 2016 பிப்ரவரி 8 அன்று, தளத்துக்குத் தளம் வேறு வேறு கட்டணம் வைக்கக்கூடாது என்று டிராய் உத்தரவு போட்டது. ஃபேஸ்புக் அந்தச் சேவையை இந்தியாவில் மூடியது. அந்த மக்களுக்குத் தொழில்நுட்பத்தின் மேல் கோபம் இல்லை. இணையம் வேண்டும் என்றுதான் கேட்டார்கள், அதன் கதவு ஒரே கம்பெனியின் கையில் இருக்கக்கூடாது என்றார்கள்.

அதே நேரம், கம்பெனிகள் கூடினாலே சதி என்று சொல்லும் வாட்ஸ்அப் செய்திகளை நான் ஏற்க மாட்டேன். உங்கள் ஹெட்செட்டில் இருக்கும் புளூடூத், 1998-இல் எரிக்சன், ஐபிஎம், இன்டெல், நோக்கியா, தோஷிபா ஐந்தும் ஒன்றுகூடி அமைத்த குழுவிலிருந்து வந்தது. ஒரு படம் கேமராவில் எடுத்ததா, ஏஐ செய்ததா என்று கோப்பிலேயே குறித்து வைக்கும் தரத்துக்காக 2021-இல் அடோபி, மைக்ரோசாஃப்ட், பிபிசி போன்றவை சேர்ந்தன. அது போட்டியாளர்கள் சேர்ந்தால்தான் நடக்கும் வேலை. இந்த மாதிரி இடங்களில் ஒருவருடைய கருவி இன்னொருவருடையதோடு ஒத்துப்போகிறதா என்று யார் வேண்டுமானாலும் சோதித்துப் பார்க்கலாம். 'மக்கள் நலம்' என்று எழுதி வைத்தால் அதை எந்தக் கருவியை வைத்துச் சோதிப்பது? என் சந்தேகம் அந்த இடத்தில்தான் கூடுகிறது.

எங்கள் தெருவில் உணவு டெலிவரிக்குப் போகும் ஒரு தம்பிக்கு ஒரு நாள் காலையில் ஐடி பிளாக் ஆகிவிட்டது. ஹெல்மெட்டைக் கழற்றி எடுத்த செல்ஃபி, பதிவில் இருந்த முகத்தோடு ஒத்துப்போகவில்லையாம். யாரிடம் போய்ச் சொல்வது என்று அவனுக்குத் தெரியவில்லை, செயலியில் பதில் சொன்னதும் இன்னொரு மென்பொருள்தான். பெரிய கம்பெனிகளின் ஏஐ கொள்கை அறிக்கைகளில் 'மனித மேற்பார்வை' என்று ஒரு வரி தவறாமல் இருக்கும். அவனுக்கு அந்த மனிதர் கடைசி வரை கிடைக்கவில்லை. செயலி வழியாக வேலை பார்க்கும் இவனைப் போன்றவர்களுக்காகக் கர்நாடகம் 2025-இல் கொண்டுவந்த கிக் தொழிலாளர் சட்டம், ஒருவரை நீக்குவதற்கு முன் காரணம் சொல்லி 14 நாள் நோட்டீஸ் தர வேண்டும் என்கிறது. தானியங்கி முறையில் எப்படிக் கண்காணிக்கிறார்கள் என்று தொழிலாளிக்குத் தெரிவிக்க வேண்டும் என்கிறது. தமிழ்நாட்டில் இவர்களுக்கு 2023 டிசம்பரில் நல வாரியம் வந்திருக்கிறது. அந்த அளவுக்கு ஒரு சட்டம் நமக்கும் வேண்டும். டெலிவரி ஓட்டும் பிள்ளைகள் எத்தனை கூட்டமைப்பு அறிக்கைகளைப் படித்தாலும் கிடைக்காத ஒன்று, அந்த 14 நாளில் கிடைக்கும்.

இந்தியச் சட்டத்தைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்கிறேன். தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் 2023-இல் நிறைவேறியது, விதிகள் 2025 நவம்பரில் வந்தன, முழுக்க அமலுக்கு வர ஒன்றரை வருடம் கால அவகாசம் கொடுத்திருக்கிறார்கள். அரசு அமைப்புகளுக்கு அதில் பெரிய விலக்குகள் உண்டு. ஏஐ-க்கு என்று தனிச் சட்டம் இல்லை. மத்திய அரசு 2025 நவம்பரில் வெளியிட்டது வழிகாட்டுதல்கள் மட்டும்.

ஆனால் தமிழ்நாட்டில் ஒரு பிடி இருக்கிறது, பலருக்கு அது தெரியாது. 2020-இல் மாநில அரசு பாதுகாப்பான, நெறிசார்ந்த ஏஐ கொள்கை ஒன்றை வெளியிட்டது. அரசுத் துறைகள் ஒரு ஏஐ முறையைப் பொதுமக்களிடம் கொண்டுவரும் முன் அதை மதிப்பிட்டுப் பார்க்க அதில் 'டீப்-மேக்ஸ்' என்ற மதிப்பெண் அட்டையே வகுத்திருக்கிறார்கள். பாகுபாடு காட்டுகிறதா, தனியுரிமையைக் காக்கிறதா என்றெல்லாம் அதில் பார்க்க வேண்டும். பெரிய கம்பெனி தயாரித்த மென்பொருளாக இருந்தாலும், அதை வாங்கிப் பொருத்துவது நம் அரசு அலுவலகம் என்றால், நாம் கேள்வி கேட்கும் இடம் கலிஃபோர்னியாவில் இல்லை, இங்கேயே இருக்கிறது.

அதனால் நீங்களும் உங்கள் நண்பர்களும் செய்யக்கூடிய ஒரு வேலையைச் சொல்கிறேன். உங்கள் பகுதியில் தூய்மைப் பணியாளர்களுக்கோ பள்ளிக்கோ முகம் பார்த்து வருகை பதியும் செயலி வந்திருந்தால், அல்லது தெருமுனைக் கேமராவில் அந்த மாதிரி மென்பொருள் இருப்பதாகச் சொன்னால், அந்தத் துறைக்குத் தகவல் உரிமைச் சட்டத்தின் கீழ் ஒரு மனு போடுங்கள். கட்டணம் 10 ரூபாய். எந்தக் கம்பெனியிடம் வாங்கினீர்கள், ஒப்பந்தத்தின் நகல், 2020 கொள்கைப்படி செய்த மதிப்பீட்டு அறிக்கையின் நகல், முகம் ஒத்துப்போகாமல் போன எத்தனை புகார்கள் வந்தன, அவற்றைத் தீர்க்கும் அதிகாரி எந்தப் பதவியில் இருக்கிறார் என்று தனித்தனியாகக் கேளுங்கள். தனிநபர்களின் பெயரைக் கேட்காதீர்கள். தரவுச் சட்டம் வந்த பிறகு, தனிப்பட்ட தகவல் என்று சொல்லி மறுப்பது அவர்களுக்குச் சுலபமாகிவிட்டது. வணிக ரகசியம் என்று 8(1)(ஈ) பிரிவைக் காட்டி ஒப்பந்தத்தை மறுக்கலாம். பெரிய பொது நலன் இருந்தால் கொடுக்கலாம் என்று அதே பிரிவு சொல்வதை மனுவிலேயே முன்கூட்டி எழுதிவிடுங்கள். 30 நாளில் பதில் வராவிட்டால், அடுத்த 30 நாளுக்குள் அதே துறையின் மேல்முறையீட்டு அலுவலருக்கு எழுதுங்கள், அதற்குக் கட்டணம் கிடையாது. மனு எழுதுவதில் சந்தேகம் இருந்தால் கேளுங்கள், வரி வரியாகச் சொல்லித் தருகிறேன். அப்பாவையும் பக்கத்தில் உட்கார வைத்துக்கொண்டு எழுதுங்கள். என்ன கேட்க வேண்டும் என்று அவருக்கு நன்றாகத் தெரியும்.